பாம்பு வாங்குவது கடைசி வேலை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம்மூர் வழக்கு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கதையே வேறு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவன் பிறந்தநாளுக்குப் பாம்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். வீட்டில் நாலு நாள் சண்டை. ஐந்தாம் நாள் அப்பா காரை எடுக்கிறார். திரும்பி வரும்போது பையன் மடியில், காற்றுக்கு ஓட்டை போட்ட ஒரு சின்ன டப்பா. உள்ளே பென்சில் தடிமனில், ஏறக்குறைய ஒரு அடி நீளத்தில், ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு ஜீவன்.

அதுதான் கார்ன் ஸ்னேக். தமிழில் சோளப்பாம்பு என்று வைத்துக் கொள்ளலாம்.

இதில் பிரச்சினை என்னவென்றால், அந்த டப்பா வீட்டு வாசலுக்கு வரும்போது பல வீடுகளில் கூண்டு தயாராக இருக்காது. கூண்டு இருந்தால் சூடு இருக்காது. சூடு இருந்தால் அது எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது. முதலில் பாம்பு, அப்புறம் கூண்டு, எல்லாம் கெட்டுப் போன பிறகு புத்தகம் என்கிற வரிசையில்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட வேண்டும். கட்டுரையின் மொத்தச் சாரமும் இதுதான். மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். ஆனால் பொறுமை இல்லாதவர்களுக்குப் பாம்பு சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும் :-)

யார் இந்தச் சோளப்பாம்பு?

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள்தான் இதன் சொந்த ஊர். வடக்கே நியூ ஜெர்சியில் ஆரம்பித்து தெற்கே ஃபுளோரிடா வரை. வளர்ந்த பாம்பு மூன்றிலிருந்து ஐந்து அடி இருக்கும். விஷம் கிடையாது. எலியைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொன்று விழுங்கும் வகை. ஆங்கிலத்தில் இதற்குச் சிவப்பு எலிப்பாம்பு என்று பொருள்படும் இன்னொரு பெயரும் உண்டு. நம்மூர் சாரைப்பாம்பையும் ஆங்கிலத்தில் எலிப்பாம்பு என்றுதான் சொல்கிறார்கள். தொழில் ஒன்று, அதனால் பெயரும் ஒன்று.

சோளம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். மக்காச்சோளம் சேமிக்கும் கிடங்குகளுக்கு எலி வரும், எலியைத் தேடி இந்தப் பாம்பு வரும் என்பது ஒன்று. வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருப்பது பல நிற மக்காச்சோள மணிகளைப் போல இருக்கிறது என்பது இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் விவசாயிக்கு நண்பன். ஆனாலும் காப்பர்ஹெட் என்கிற விஷப்பாம்பு என்று தப்பாக நினைத்து அடித்துக் கொல்லப்படும் சோளப்பாம்புகள் அங்கே நிறைய. சாரையை நாகம் என்று நினைத்து அடிக்கும் அதே கதை.

நிறத்தில் மயங்காதே

கார்ல் காஃப்ஃபெல்ட் என்று ஒரு பாம்பு நிபுணர். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் மிருகக்காட்சிசாலையில் இருந்தவர். 1957-ல் பாம்பு தேடிப் போன அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். அதில் தெற்கு கரோலினாவில் ஓக்கீட்டீ என்ற வேட்டைக் கிளப் நிலத்தில் கிடைக்கும் சோளப்பாம்புகளின் அழகைப் பற்றி உருகியிருந்தார். அன்றிலிருந்து ஓக்கீட்டீ என்பது ஒரு நிறத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

அதே காலகட்டத்தில், 1953-ல், வடக்கு கரோலினாவில் கறுப்பு நிறமி இல்லாத ஓர் ஆண் பாம்பு பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதை வைத்து இனப்பெருக்கம் செய்து பார்த்தார். 1961-ல் அவரிடம் கறுப்பே இல்லாத, சிவப்புக் கண் கொண்ட குஞ்சுகள் பொரித்தன. இந்தக் குணம் ஒடுங்கு பண்பு, அதாவது அம்மா அப்பா இரண்டு பக்கமும் இருந்து வந்தால்தான் வெளியில் தெரியும். பிளஸ் ஒன்னில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்தவர்களுக்குப் புரியும். அங்கே ஆரம்பித்தது, இன்று வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு, கோடு போட்டது, கட்டம் மாறியது என்று புடவைக் கடை மாதிரி ஆகிவிட்டது.

இதில் ஒரு நல்லது நடந்தது. வளர்ப்பில் பிறந்த குஞ்சுகள் தாராளமாகக் கிடைப்பதால் காட்டிலிருந்து பிடிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒரு கெட்டதும் நடந்தது. வாங்கப் போகிறவர் நிறத்தை மட்டும் பார்க்கிறார்.

பார்க்க வேண்டியது நிறம் இல்லை, சாப்பாட்டுக் கணக்கு. இந்தக் குஞ்சு இதுவரை எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது, கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது, உறைய வைத்த எலியை எடுத்துக் கொள்கிறதா? பொறுப்பாக வளர்ப்பவர் இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருப்பார். கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் குமிழி, வாய் திறந்தபடி மூச்சு, செதில் இடுக்கில் மிளகுத் தூள் போல நகரும் சின்ன உண்ணிகள், இதில் எது இருந்தாலும் அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுவது நல்லது. இரண்டாவது ஆண்டுக் கணக்குப் புத்தகம் கேட்காமல் கம்பெனியை வாங்குவார்களா? அந்த மாதிரிதான்.

கொஞ்சம் காமர்ஸ்

பிரிண்டர் மலிவு, இங்க் கார்ட்ரிட்ஜ்தான் விலை என்பது தெரிந்த விஷயம். சோளப்பாம்பும் அந்த ரகம். சாதாரண நிறத்தில் ஒரு குஞ்சு வாங்கும் பணத்தைவிட அது குடியிருக்கும் வீட்டுக்கு ஆகும் பணம் பல மடங்கு. கூண்டு, சூடேற்றி, தெர்மோஸ்டாட், இரண்டு தெர்மாமீட்டர், ஈரப்பத மீட்டர், ஒளிந்து கொள்ள இரண்டு இடம், தண்ணீர்க் கிண்ணம், தரையில் போட மரச்சீவல். இதெல்லாம் மூலதனச் செலவு. பாம்பு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியது.

இனி நடப்புச் செலவு. குஞ்சுக்கு வாரம் ஒரு எலிக்குட்டி என்றால் முதல் வருடம் 52. வளர்ந்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு எலி, வருடத்துக்கு 26. நன்றாகப் பார்த்துக் கொண்டால் இந்தப் பாம்பு 20 வருடம் கூட இருக்கும். இரண்டாம் வருடத்திலிருந்தே பெரிய பாம்பு என்று வைத்துக் கொண்டால் கூட 19 பெருக்கல் 26, அதாவது 494. முதல் வருடத்தையும் சேர்த்தால் 546 எலிகள். உண்மையில் இன்னும் அதிகமாகவே ஆகும். இந்த 546 எலிகளும் எங்கே இருக்கும்? ஃப்ரீசரில். ஐஸ்க்ரீம் டப்பாவுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் பக்கத்தில்!

பாம்பு வாங்கச் சம்மதித்த அம்மா இந்த இடத்தில்தான் மறு பரிசீலனை செய்வார். அது முன்னாடியே நடப்பது நல்லது. கூட இருப்பவர்கள் எல்லோரிடமும் பேசி முடிக்காமல் பாம்பை உள்ளே கொண்டு வரக் கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர், ஹாஸ்டல் என்றால் வார்டன். ஒளித்து வைத்துக் கொள்ளலாம் என்கிற திட்டம் எல்லாம் கரண்ட் போகும் வரைக்கும்தான்.

கூண்டு: மூடியில்தான் இருக்கிறது சூட்சுமம்

முன்பெல்லாம் இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம் உள்ள கண்ணாடித் தொட்டி போதும் என்றார்கள். இப்போது வளர்ந்த பாம்புக்கு நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்று சொல்கிறார்கள். பாம்பு உடம்பை நீட்டிப் படுக்க முடிய வேண்டும், ஏறுவதற்கு ஒரு கிளையும் இருக்க வேண்டும். குஞ்சைச் சின்னப் பெட்டியில் ஆரம்பித்து மாற்றலாம். பெரியதிலேயே விடுவதானால் ஒளிய நிறைய இடம் வைத்து விட வேண்டும். வெட்ட வெளி குஞ்சுக்குப் பயம். காட்டில் அதைத் தின்ன ஆயிரம் பேர்.

எந்தக் கூண்டாக இருந்தாலும் மூடி கச்சிதமாகப் பூட்டிக் கொள்ள வேண்டும். தலை நுழைகிற சந்தில் முழுப் பாம்பும் நுழைந்துவிடும். மூடி மேல் கனமான பாடப் புத்தகத்தை வைப்பது எல்லாம் பாதுகாப்பு இல்லை. ராத்திரி முழுக்க மூக்கால் ஒவ்வொரு மூலையாகத் தள்ளிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. மனிதருக்குத் தூக்கம் வரும், அதற்கு அந்த நேரத்தில் வராது. சோளப்பாம்பு தப்பித்துவிட்டால் சோபாவுக்குள், ஃப்ரிட்ஜ் பின்னால் என்று வீட்டையே பிரித்துத் தேட வேண்டி வரும்.

சூடு அடுத்தது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ளாது, வெளியிலிருந்து வாங்கிக் கொள்ளும். வயிற்றில் போன எலி செரிக்க வேண்டும் என்றால் சூடு வேண்டும். அதனால் கூண்டின் ஒரு பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், எதிர்ப் பக்கம் 22 முதல் 25. சூடு வேண்டுமா, குளிர் வேண்டுமா என்று பாம்பே நகர்ந்து தீர்மானிக்கும். இரண்டு பக்கமும் ஒளிவிடம் வைப்பது இதற்காகத்தான். ஒரே ஒரு ஒளிவிடம் வைத்தால் பாதுகாப்பா, செரிமானமா என்று பாம்பு ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டியலில் எதை வேண்டுமானாலும் மலிவாக வாங்கலாம். ஒளிவிடத்துக்குக் காலி அட்டைப்பெட்டி கூடப் போதும். தெர்மோஸ்டாட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது இல்லாமல் தொட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பைப் போட்டால் வயிறு வெந்து போகும். சுட்டால் நகர்ந்துவிடும் என்று நினைப்பது தப்பு, நகராமல் கிடந்து புண்ணான பாம்புகள் உண்டு.

தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல் நல்லது. தேவதாரு வகைச் சீவல் கூடாது, அதன் எண்ணெய் பாம்புக்கு ஆகாது. வந்த புதிதில் வெறும் காகிதம் விரிப்பதே உத்தமம். கழிவு எப்படி இருக்கிறது, உண்ணி இருக்கிறதா என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும்.

முதல் வாரம்: ஒன்றும் செய்யாதே

ஆரம்பிப்பவர்கள் பலரும் தோற்கும் இடம் இதுதான்.

பாம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. தோழர்கள் எல்லாம் பார்க்க வந்துவிட்டார்கள். கையில் எடுக்க வேண்டும், கழுத்தில் போட்டு போட்டோ எடுக்க வேண்டும். கூடாது. ஐந்திலிருந்து ஏழு நாள் அதைத் தொடவே கூடாது. தண்ணீர் மாற்றலாம், சூடு சரியா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். அது எங்கே என்று தெரிந்து கொள்ள ஒளிவிடத்தைத் தினமும் தூக்கிப் பார்ப்பதும் தொந்தரவில்தான் சேர்த்தி.

ஒரு வாரம் கழித்து முதல் சாப்பாடு. எலிக்குட்டியை வெந்நீரில் வைத்து முழுவதும் உருக்கி, கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. ஏன் என்று கேட்பவர்கள் அதைச் சுத்தம் செய்யத் தயாராக இருக்க வேண்டும். அளவு பாம்பின் நடு உடம்பு தடிமனுக்குச் சமமாக, கொஞ்சம் அதிகமானாலும் சரி. உயிருள்ள எலி வேண்டாம். எலிக்குப் பல் இருக்கிறது, மூலையில் மாட்டினால் பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

சாப்பிடாவிட்டால்? பதற வேண்டாம். எலியை எடுத்துவிட்டு ஐந்தாறு நாள் சும்மா இருந்து மறுபடி நீட்ட வேண்டும். பதறுகிறவர்கள்தான் தினமும் நீட்டி, தினமும் தூக்கிப் பார்த்து, பாம்பை இன்னும் மிரள வைக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டால் இரண்டு நாள் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும். கக்கினால் தொண்டையும் வயிறும் ஆறப் பத்துப் பதினான்கு நாள் விட்டு, சின்னதாக ஒரு எலியில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கக்கினாலோ குஞ்சு மெலிந்து கொண்டே வந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் வழி. அப்படி ஒருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்து வைத்துக் கொள்வதும் பாம்பு வருவதற்கு முந்தைய வேலைகளில் ஒன்று.

சில வாரங்களில் கண் நீலம் பூத்தது போல மங்கும். நோய் இல்லை, சட்டை உரிக்கப் போகிறது. அப்போதும் தொடாமல் விட வேண்டும். ஈரமான பாசி வைத்த ஒரு டப்பாவை உள்ளே வைத்தால் சட்டை ஒரே துண்டாகக் கழன்று வரும். கண் மேல் இருக்கும் சவ்வும் வால் நுனியும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று கழன்ற சட்டையை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தொடத் தொடங்கிய பிறகும் முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து. குஞ்சு வாலை நடுக்கும், நாற்றமடிக்கும் திரவத்தைக் கையில் பீய்ச்சும், சில சமயம் கடிக்கும். ரோஜா முள் கீறிய அளவுதான் இருக்கும். கையைக் கழுவினால் போச்சு. கடிக்காவிட்டாலும் ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாம்பு வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது.

அது திரும்ப என்ன தரும்?

நாய் வாலாட்டும். பூனை கூட மனசு வந்தால் மடியில் ஏறும். பாம்பு? வளர்ப்பவரைக் கண்டு பயப்படாமல் இருக்கும். அவ்வளவுதான். பெயர் வைத்தால் திரும்பிப் பார்க்காது. துணைக்கு இன்னொன்று வேண்டும் என்றும் கேட்காது. சொல்லப் போனால் துணை விடவே கூடாது, ஒன்றை ஒன்று தின்றதும் உண்டு. பத்து வருடம் சோறு போட்ட கையும் மரக்கிளையும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கிளையைவிடக் கை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதனால் பிடித்திருக்கிறது.

இது தெரியாமல் வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் சலித்துப் போகிறார்கள். பெரும்பாலான நேரம் ஒளிந்து கிடக்கும் ஒரு ஜந்துவுக்கு இடம், மின்சாரம், எலி எல்லாம் தர வேண்டியிருக்கிறதே என்று தோன்ற ஆரம்பிக்கிறது. அப்புறம் யாரிடமாவது தள்ளிவிடப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் மீட்பு மையத்தில் கொண்டு போய் விடுகிறார்கள். காட்டில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. குளிரான ஊரில் விட்டால் அது செத்துப் போகும், வெதுவெதுப்பான ஊரில் பிழைத்துக் கொண்டால் அங்கிருக்கும் பறவைக் குஞ்சுகளுக்கு எமன். சும்மாவா ஹவாயில் எந்தப் பாம்பையும் வளர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்? ஜார்ஜியா மாநிலத்தில் வேறு காரணம். அங்கே இது காட்டுப் பாம்பாகவே இருக்கிறது, உள்ளூர் விஷமில்லாப் பாம்புகளை வீட்டில் வைக்கக் கூடாது என்பது சட்டம். நியூ யார்க்கில் கடையில் வாங்கும் பாம்பு ஜார்ஜியாவில் குற்றம். ஊர்ச் சட்டம் என்ன என்று பார்ப்பதும் பாம்பு வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

ஆனால் இதையெல்லாம் தெரிந்து கொண்டு ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று கிடைக்கிறது. திரும்ப எதையும் தராத ஒரு உயிரை நன்றாக வைத்துக் கொள்வது என்றால் என்ன என்று தெரிய வருகிறது. விளக்கை அணைத்த பிறகு அது மெதுவாக வெளியில் வந்து, நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை ருசி பார்த்து, கிளையில் ஏறுவதைச் சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது அன்பைக் காட்டவில்லை, தன் பாட்டுக்கு வாழ்கிறது. அப்படி வாழ இடம் கொடுத்தவர் யார் என்பது பாம்புக்குத் தெரியாது, கொடுத்தவருக்குத் தெரியும்.

நம்மூருக்கு?

இதைப் படித்துவிட்டு யாராவது சாரைப்பாம்பைப் பிடித்துக் கொண்டு வந்து தொட்டியில் விட்டால் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பாயும். பாயத்தான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டு வரலாமே என்பவர்களுக்கு: 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரில்லாமல் கிடந்த பைகளைச் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 மலைப்பாம்பு வகைக் குட்டிகள், கூடவே 8 சோளப்பாம்புகள். எல்லாவற்றையும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். துணிகளோடு துணியாக மடித்து வைக்கப்பட்டு வருகிற உயிருக்கு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை வாங்கக் காத்திருந்தவரும் பாம்பை விரும்புகிறவர் என்றுதான் தன்னைச் சொல்லிக் கொண்டிருப்பார். பாம்பு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் போதும், எலி வாங்க வேண்டாம்.

சட்டம் இடம் கொடுக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு பரீட்சை. கூண்டை வாங்கி, தண்ணீர் வைத்து, சூடேற்றியைப் போட்டு, உள்ளே பாம்பே இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலையும் மாலையும் இரண்டு பக்கச் சூட்டையும் நோட்டில் எழுத வேண்டும். தண்ணீரைத் தவறாமல் மாற்ற வேண்டும். ராத்திரி மூடியைச் சரி பார்க்க வேண்டும். காலி டப்பாவுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று நாலாவது நாள் அலுத்துவிட்டால், நல்லது, ஒரு பாம்பு பிழைத்தது. இரண்டு வாரமும் நோட்டில் ஒரு நாள் கூட விடுபடாமல் இருந்தால், அன்றைக்குப் போய்ப் பாம்பு வாங்கலாம்.

டிஸ்கி: இங்கே சொன்ன தைரியம் எல்லாம் வளர்ப்பில் பிறந்த சோளப்பாம்புக்கு மட்டும். வீட்டுத் தோட்டத்தில் வந்து நிற்கும் பாம்பிடம் இதைக் காட்டக் கூடாது. தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் போடவும்.